தக்காளியின் அடிக்கருப்புக்கு மருந்துக்கடையில் பதில் இல்லை

கேள்வி: ஐயா, வணக்கம். பாலக்கோடு பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் ஒட்டுரகத் தக்காளி போட்டிருக்கிறேன், சொட்டுநீர். நட்டு 60 நாள் ஆகிறது. எலுமிச்சை அளவு வரும்போதே காயின் அடிப்பக்கம் நீர் கோத்த மாதிரி ஆகி, அப்புறம் கறுத்து அமுங்கிவிடுகிறது. சில காய்களில் கறுப்பாகப் பூசணமும் தெரிகிறது. கடையில் பூசண மருந்தும் பாக்டீரியா மருந்தும் கலந்து கொடுத்தார்கள். இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. இப்போது கால்சியம் போரான் டானிக் அடிக்கச் சொல்கிறார்கள். காய் பெருக்க வாரம் இரண்டு முறை யூரியாவும் 19:19:19 கலப்பு உரமும் சொட்டுநீரில் விடுகிறேன். கரண்ட் சரியாக வராததால் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை நன்றாக நனைய விட்டுவிடுவேன். பக்கத்து அண்ணன் தோட்டத்துக்கும் இது பரவிவிடுமா? எந்த மருந்து அடித்தால் நிற்கும்?

பதில்: பரவாது. அண்ணனிடம் தைரியமாகச் சொல்லுங்கள். எந்த மருந்துக்கும் நிற்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்கள் காயில் கிருமி எதுவும் நுழைந்து இதை ஆரம்பிக்கவில்லை. நீங்கள் பார்த்த கறுப்புப் பூசணம் செத்த தோலின் மேல் பிறகு வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்து பூசண மருந்து கொடுத்தவர் உங்கள் காயை நறுக்கிக்கூடப் பார்க்கவில்லை. நோயே இல்லாத செடிக்கு பாக்டீரியா மருந்தையும் சேர்த்துக் கொடுத்தது அதைவிடத் தப்பு. இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்துச் சந்தைக்கு அனுப்பும் பயிர் இது. அடித்த மருந்து அப்படியே சாப்பிடுகிறவர் வீட்டுக்குத்தான் போகிறது.

நீங்கள் மருந்தின் பெயரைக் கேட்கிறீர்கள். தண்ணீரைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது "மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை நன்றாக நனைய" என்ற வரிதான். ஏன் என்று புரிய, காயின் செல்லுக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும்.

பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும் முதல் சில நாள் செல்கள் பிரிந்து எண்ணிக்கையில் கூடும். அதன் பிறகு காய் பெருப்பது பெரும்பாலும் ஒவ்வொரு செல்லும் ஊதிப் பெருப்பதால்தான். ஊதுவது செல்லின் நடுவில் இருக்கும் நுண்குமிழி. முதிர்ந்த செல்லில் முக்கால் பங்குக்கு மேல் இதுவே அடைத்துக்கொண்டு இருக்கும். சர்க்கரை, அமிலம், உப்பு எல்லாம் இதற்குள்தான். அந்தக் கரைசலை நோக்கித் தண்ணீர் உள்ளே ஏற ஏற, டயருக்குள் இருக்கும் டியூப் மாதிரி நுண்குமிழி விரிந்து செல் சுவரைத் தள்ளும். சுவர் தாங்கினால் காய் பெருக்கும்.

சுவரைத் தாங்க வைப்பது கால்சியம். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் பெக்டின் என்ற பசை இருக்கிறது. அந்தப் பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று கட்டிப் பிடிப்பது கால்சியம்தான். சுவருக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய செல் சவ்வு கசியாமல் இருப்பதற்கும் வெளிப்பக்கம் கால்சியம் இருந்தாக வேண்டும். வேகமாக ஊதும் நேரத்தில் அது போதவில்லை என்றால் சவ்வு கசிகிறது, உள்ளே இருந்த சாறு வெளியே வருகிறது. "நீர் கோத்த மாதிரி" என்று எழுதினீர்களே, அது இந்தச் சாறுதான். நுண்குமிழியில் அடைபட்டிருந்த பீனால் பொருள்களும், கணிகங்கள் என்ற செல்லின் சிறு உறுப்புகளில் இருந்த நொதியும் இதுவரை ஒன்றையொன்று தொடாமல் இருந்தவை. சவ்வுகள் கிழிந்ததும் இரண்டும் கலந்து காற்றுப் பட்டுப் பழுப்பாகி, கறுக்கின்றன. நறுக்கி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் இதே வேலைதான். செத்த செல் திரும்பி வராது. அதனால் கறுத்த காயைக் காப்பாற்ற ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். இன்றே பறித்து எடுத்துவிடுங்கள், செடியின் சத்தாவது மிஞ்சும்.

சரி, கால்சியம்தானே, டானிக் அடித்தால் என்ன என்று கேட்பீர்கள். உங்கள் பக்கத்து மண்ணில் பல இடங்களில் சுண்ணாம்பு தாராளமாகவே இருக்கிறது, போர் தண்ணீரிலும் வருகிறது. இருந்தும் காய்க்குப் போய்ச் சேரவில்லை. கால்சியம் தண்ணீரோடு மட்டும் பயணிக்கும் சத்து. வேரிலிருந்து சைலம் குழாய் வழியாக, ஆவியாகும் தண்ணீரின் இழுப்பில் மேலே போகும். இலையின் அடியில் இலைத்துளைகள் ஏராளம். பகல் முழுக்க அவை தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். தக்காளிக் காயின் தோலில் இலைத்துளையே கிடையாது. அதனால் பகலில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு இலைக்கே போகிறது, கால்சியமும் அதோடு போகிறது. காய்க்குள் வந்த கொஞ்சமும் காம்புப் பக்கமே நின்றுவிடும். கடைசியில் இருப்பது அடிப்பக்கம், அதனால்தான் எப்போதும் அங்கேயே கறுக்கிறது. இலைக்குப் போனதைக் காய்க்குத் திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. சர்க்கரை போகும் ஃபுளோயம் குழாயில் கால்சியம் ஏறுவதே அரிது. டானிக்கை இலைமேல் அடித்தால் அது இலையோடு சரி. கோலிக்குண்டு அளவுப் பிஞ்சின் மேல் நேராகப் படும்படி, லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் குளோரைடு கலந்து வெயில் தாழ்ந்த பிறகு அடித்தால் கொஞ்சம் பலன் உண்டு. ஆனால் தண்ணீரைச் சரிசெய்யாமல் இதை மட்டும் செய்வதில் அர்த்தமில்லை. கடையில் கொடுக்கும் பாட்டிலைத் திருப்பி, கால்சியம் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சதவீதம் போடாத பாட்டில் எதையும் வாங்காதீர்கள், கடைக்காரர் சொந்தக்காரராகவே இருந்தாலும்.

நான் யாருக்கு எழுதினாலும் விடாமல் சொல்லும் விஷயம் ஒன்று இருக்கிறது. காய்க்குக் கால்சியம் சேரும் நேரம் இரவு. இருட்டியதும் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், இலையின் இழுப்பு நின்றுவிடும். அப்போது மண்ணில் போதுமான ஈரம் இருந்தால் வேர் தன் அழுத்தத்தில் தண்ணீரை மேலே தள்ளும். அந்தத் தள்ளலில்தான் காய், குருத்து போன்ற இழுக்கத் தெரியாத பகுதிகளுக்கும் கால்சியம் போகிறது. இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். விடியற்காலையில் வெயில் ஏறும் முன் தோட்டத்துக்குப் போய், தக்காளி இலையின் விளிம்பைப் பாருங்கள். இலையின் பல் நுனிகளில் மட்டும் வரிசையாகத் துளித்துளியாய்த் தண்ணீர் நின்றால் அது வேர் தள்ளிய தண்ணீர். பனி என்றால் இலை முழுக்க நனைந்திருக்கும், வரிசையாக நிற்காது. அந்தத் துளிகள் தொடர்ந்து நிற்கும் தோட்டத்தில் அடிக்கருப்பு அதிகம் வராது. சுற்றிலும் ஈரமான இரவாக இருந்தும் துளியே இல்லை என்றால், முந்தின நாள் மாலையில் வேருக்குத் தண்ணீர் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் செய்வதோ இதற்கு நேர் எதிர். நான்காம் நாள் மண் காய்ந்துவிடுகிறது. கால்சியத்தை அதிகம் எடுப்பது வேரின் இளம் நுனிகள். முதிர்ந்த வேருக்குள் சுவர்களில் மெழுகுபோன்ற பட்டை வந்து அந்த வழியை அடைத்துவிடும். மண் காய்ந்தால் இளம் நுனிகள் கருகும். அப்புறம் ஒரே நாளில் தண்ணீரைக் கொட்டினால் வேருக்குக் காற்று கிடைக்காது. அதே நேரம் காய் மட்டும் தண்ணீரை வாங்கி வேகமாக ஊதும். கால்சியம் வராமல் ஊதினால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன்.

ஆகவே தினமும் கொஞ்சம் விடுங்கள். வெயில் காலத்தில் செடிக்கு நாளைக்கு இரண்டு லிட்டர் என்று ஆரம்பித்து, பாதி காலையில், பாதி நாலு மணிக்கு மேல். சொட்டியிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிடித்து அழுத்துங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வரக் கூடாது. அதைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கரண்ட் நேரம் உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். அதற்காகத்தான் மேட்டில் ஒரு தொட்டி கட்டிக்கொள்ளச் சொல்கிறேன். கரண்ட் வரும்போது நிரப்பி, வேண்டும்போது விடலாம். மோட்டாருக்கு அடுத்த செலவு இதுவாக இருக்கட்டும். மூடாக்கும் கட்டாயம். பிளாஸ்டிக் ஷீட் போடவில்லை என்றால் கரும்புத் தோகையோ வைக்கோலோ வேர்ப்பகுதியில் நல்ல கனமாகப் பரப்புங்கள், செத்தைக்குக் காசு தர வேண்டியதில்லை.

உரத்தில் யூரியாவை நிறுத்துங்கள். அதுவும் 19:19:19-ல் உள்ள தழைச்சத்தும் பெரும்பாலும் அம்மோனிய வடிவத்தின் வழியாகத்தான் செடிக்குப் போகும். அம்மோனியம் வேரின் வாசலில் கால்சியத்தோடு மல்லுக்கட்டும். சாம்பல் சத்தை அளவுக்கு மீறிக் கொட்டினாலும் இதே கதைதான். தவிர, இலை அதிகமானால் பகலில் இழுப்பும் அதிகம். தழைச்சத்து வேண்டும் என்றால் ஏக்கருக்கு 3 கிலோ கால்சியம் நைட்ரேட்டை வாரம் ஒருமுறை சொட்டுநீரில் விடுங்கள். சல்பேட், பாஸ்பேட் கலந்த எந்த உரத்தோடும் அதே நாளில் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள். வெள்ளையாகத் திரிந்து சொட்டிகளை அடைத்துவிடும்.

தண்ணீரைச் சரிசெய்த மறுநாளே மாறாது. இப்போது எலுமிச்சை அளவில் இருக்கும் காய்களில் சில இன்னும் கறுக்கும், பிஞ்சாக இருந்தபோதே அவற்றுக்குள் நடந்தது நடந்துவிட்டது. இனிமேல் பூக்கும் கொத்துகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதெல்லாம் செய்தும் இரண்டு மூன்று வாரத்தில் புதுப் பிஞ்சு கறுக்கிறது என்றால் போர் தண்ணீர் உப்பாக இருக்கலாம். உப்புத் தண்ணீரில் வேரால் ஈரத்தையே சரியாக இழுக்க முடியாது. ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் மின்கடத்தும் திறன் பார்க்கச் சொல்லி, வரும் எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள்.