தம்பலகாமத்துத் தங்கச்சிக்கு: சம்பளம் யார் கைக்குப் போகிறது?

அன்புள்ள தங்கச்சி,

தம்பலகாமத்தில் அப்பா வயலை ஈடு வைத்துத் திரட்டிய காசில் படிக்க வந்து ஏழு மாதமாகிறது என்றும், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில், தொழிற்சாலைகளுக்கு ஆள் கொடுக்கும் ஓர் ஏஜென்சி மூலம் உணவு பொதி செய்யும் தொழிற்சாலையில் கிழமைக்கு ஐந்து இரவு வேலை செய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மணிக்கு 12 டொலர், அதுவும் கையில் காசாக. வேலைக்கு ஏற்றிப்போகும் வான் வண்டிக்கென்று இரவொன்றுக்கு 8 டொலர் கழிக்கிறார்கள். ஏஜென்சி நடத்துபவர் எங்கள் தமிழர்தான். "எல்லாரும் இப்படித்தான் தொடங்கினோம், வாயைத் திறந்தால் விசா போய்விடும்" என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். இது இங்கே வழமையா, முறையிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களா, வீட்டில் அம்மாவுக்குச் சொல்லலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

நான் இப்போது கனடாவில் இல்லை. அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்காகத் திருகோணமலைக்கு வந்து, உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பழைய வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த வீட்டுக்குள்ளேயே இருப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

பரவலாக நடக்கிறது என்ற அளவில் அது வழமைதான். ஆனால் சட்டத்துக்கு முற்றிலும் மாறானது. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2025 அக்டோபர் 1 முதல் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 17.60 டொலர். ஏஜென்சி மூலம் போனதாலோ, காசாக வாங்குவதாலோ, படிக்க வந்த பிள்ளை என்பதாலோ அது குறைந்துவிடாது. எட்டு மணித்தியால இரவு ஒன்றுக்கு நீங்கள் 44.80 டொலரை இழக்கிறீர்கள். வான் காசையும் சேர்த்தால் 52.80, ஐந்து இரவுக்கு 264 டொலர். இதைவிட விடுமுறைக் கொடுப்பனவாக நூற்றுக்கு நான்கு வீதம் உங்களுக்குச் சேரவேண்டும், அதுவும் வரவில்லை. நீங்கள் எழுத்தில் கையொப்பமிட்டுச் சம்மதிக்காமல் வானுக்கென்று சம்பளத்தில் கை வைக்கவும் அவருக்கு உரிமை இல்லை. இந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் கையாலேயே எழுதிப் பாருங்கள். "அவர் எங்களுக்கு வேலை எடுத்துத் தந்தவர்" என்ற நன்றியுணர்ச்சிக்கு ஒவ்வொரு கிழமையும் என்ன விலை கொடுக்கிறீர்கள் என்பது அப்போது தெரியும்.

நான் 1994இல் போனேன். அடுத்த வருடம் பாணும் பனிசும் செய்யும் ஒரு தொழிற்சாலையில், இதே மாதிரி ஓர் ஆள் மூலம்தான் சேர்ந்தேன். விடிய நாலே முக்காலுக்கு ஒரு கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்துக்கு வான் வரும்; பன்னிரண்டு பேர் இருக்கவேண்டிய வானில் பதினேழு பேர் இருப்போம். அப்போது சட்டப்படி மணிக்கு 6.85 டொலர், எனக்குத் தந்தது 5. வெள்ளிக்கிழமை பின்னேரம் வானுக்குள்ளேயே மண்ணிறக் கடித உறைகள் கைமாறும். உறையில் பெயர் இருக்காது, பென்சிலால் எழுதிய ஓர் எண் மட்டும் இருக்கும். என்னுடைய எண் 9. ஒருநாள் எனக்குப் பக்கத்தில் நின்ற முல்லைத்தீவுப் பக்கத்து அக்கா ஒருவரின் விரல் வெட்டும் இயந்திரத்தில் அகப்பட்டது. அந்த நேரத்திலும் பெல்ட் நிற்கவில்லை என்பதுதான் இன்றுவரை என் கண்ணுக்குள் நிற்கிறது. மேற்பார்வையாளர் இரத்தம் பட்ட பனிசுகளை எடுத்தெறிந்துவிட்டு, என்னைக் கையைப் பிடித்து அந்த அக்காவின் இடத்தில் நிறுத்தினார். வான் சாரதி அவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகும் வழியில், "வீட்டில் மரக்கறி வெட்டும்போது பட்டதென்று சொல்லுங்கோ" என்று சொல்லிக்கொடுத்தார். அவரும் அப்படியே சொன்னார். அடுத்த திங்கட்கிழமை வானில் அவருக்கு இடம் இருக்கவில்லை. மீதிப் பதினாறு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

இது ஒரு கெட்ட மனிதர் செய்த வேலை என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். பிறகுதான் தொழிலின் ஒழுங்கே அப்படி அமைந்திருக்கிறது என்று விளங்கியது. பெரிய கடைகள் தொழிற்சாலையிடம் விலையைக் குறைக்கச் சொல்கின்றன. நத்தாருக்கு முன் மூன்று மடங்கு பொருள் கேட்டு, தைமாதத்தில் பாதியாகக் குறைத்துவிடுகின்றன. கூடிக் குறையும் அந்தத் தேவைக்கு ஏற்ற ஆட்களைத் தன் பெயரில் நிரந்தரமாக வைத்திருக்கத் தொழிற்சாலை விரும்புவதில்லை. ஆகவே ஏஜென்சியிடம் ஆள் கேட்கிறது, ஏஜென்சி தனக்குக் கீழே இன்னொருவரிடம் கேட்கிறது, அவர் ஒரு வானையும் ஒரு கைப்பேசியையும் வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகளைத் திரட்டுகிறார். ஒவ்வொரு படியிலும் கொஞ்சக் காசு கழிகிறது, கூடவே கொஞ்சப் பொறுப்பும் கழன்று விழுகிறது. கடைசிப் படியில் நிற்கும் உங்களுக்கு என்ன நடந்தாலும், "அவர் எங்கள் ஆள் இல்லை" என்று எல்லாரும் உண்மைபோலவே சொல்லமுடியும். எங்கள் ஊரிலும் தொழிற்சாலை வாசல்களில், இப்படி இடையாள் மூலம் வருபவர்களுக்கு 'மேன்பவர்' ஆட்கள் என்ற சொல் புழங்குகிறது. பெயர் வேறானாலும் ஏற்பாடு ஒன்றுதான்.

இந்த ஏற்பாடு எங்களுக்குப் புதியதும் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்தது கங்காணிதான். வழிச்செலவை அவர்கள் தலையில் கடனாக எழுதி, அந்தக் கடனைச் சொல்லும் 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போகமுடியாதபடி கட்டிவைத்திருந்தார்கள். துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. கடனும், குடியுரிமைக் காகிதம் இல்லாத நிலையும் சேர்ந்தால் ஒரு மனிதரை எவ்வளவு மலிவாக்கலாம் என்பதற்கு வேறு நாட்டில் சான்று தேடவேண்டியதில்லை.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் எங்கள் மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்தன. அப்படி வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை இந்த வீட்டில் வேலைக்கு நின்றாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பாள். நாங்கள் சாப்பிட்டு முடிந்த பிறகு குசினித் திண்ணையில் இருந்து சாப்பிடுவாள். களஞ்சிய அறை வாசலில் பாய் போட்டுப் படுப்பாள். அவளைக் கூட்டிவந்து விட்டவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார், சம்பளத்தை அப்பா அவர் கையில் கொடுப்பார். அவள் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவளை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை, தீபாவளிக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தோம்; ஆகவே நாங்கள் நல்ல மனிதர்கள் என்றே நம்பியிருந்தோம். பென்சிலால் எண் எழுதிய உறையை வாங்கிய நாட்களில் அவளை நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது எனக்கு இப்போதும் வேதனையாக இருக்கிறது.

கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கத்து மூதூரில் இருந்து சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன றிசானா நபீக்கை இந்த ஊரில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 1988இல் பிறந்த பிள்ளைக்கு 1982இல் பிறந்ததாகக் கடவுச்சீட்டு எடுத்து 2005இல் அனுப்பிவைத்தார்கள். போய்ச் சில கிழமைக்குள், அவர் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்தது. அவரே கொன்றதாகத் தீர்ப்பாகி, 2013 ஜனவரி 9ஆந் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தண்டனை கொடுத்தது அந்த நாடு. ஆனால் வயதை மாற்றிய கை இந்த நாட்டின் கை.

இனி இரண்டாவது கேள்வி. ஒன்ராறியோவின் வேலை நியமச் சட்டம் உங்கள் குடிவரவு நிலையைப் பார்த்துப் பாதுகாப்புத் தருவதில்லை, விசா இல்லாதவருக்கும் அது பொருந்தும். சம்பள முறைப்பாட்டைத் தொழில் அமைச்சிடம் இரண்டு வருடத்துக்குள் கொடுக்கவேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. ஏஜென்சி கொடுக்காத சம்பளத்துக்கு, அந்த ஆட்களைப் பயன்படுத்திய தொழிற்சாலையும் சேர்ந்து பொறுப்பு என்று 2015 நவம்பர் முதல் சட்டம் சொல்கிறது. 2024 ஜூலை 1இல் இருந்து ஏஜென்சிகளுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம். பெயர்ப் பட்டியலை அமைச்சின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். உங்கள் ஆளின் பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். வெளிநாட்டவரிடம் வேலைக்கென்று ஆள்சேர்ப்புக் கூலி வாங்குவதும் கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதும் அங்கே சட்டவிரோதம்.

ஆனால் உங்களைப் பொறுத்தவரை ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்லவேண்டும். படிப்பு நடக்கும் காலத்தில், கல்வி அனுமதியில் உள்ளவர் கல்லூரிக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். ஐந்து இரவு என்றால் 40 மணித்தியாலம் ஆகிறது. அந்த ஆள் உங்களைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பதினாறு மணித்தியாலத்தால்தான். அவருக்கும் அது நன்றாகத் தெரியும். ஆகவே முதலில் வேலையை 24 மணித்தியாலத்துக்குள் குறையுங்கள். முறைப்பாட்டுக் கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு சட்ட உதவி நிலையத்துக்குப் போங்கள். எங்கள் ஆட்களுக்கென்று தென்னாசியச் சட்ட உதவி நிலையம் ரொறன்ரோவில் இருக்கிறது. சம்பளப் பிரச்சினைக்கென்றே வேர்க்கர்ஸ் அக்ஷன் சென்டர் என்ற தொழிலாளர் அமைப்பும் இருக்கிறது. வானில் கேட்ட கதைகளை நம்பி எந்த முடிவும் எடுக்கவேண்டாம். வேலை செய்த திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கிடைத்த காசு, வானின் இலக்கத் தகடு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதுங்கள். உறையைப் படம் எடுத்து வையுங்கள். காயம் பட்டால் வேலையில் பட்டது என்று மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். காசாகச் சம்பளம் வாங்குபவருக்கும் வேலையிடக் காப்புறுதியில் உரிமை உண்டு. அந்த அக்காவுக்கு இதை எடுத்துச் சொல்ல அன்றைக்கு ஒருவரும் இருக்கவில்லை.

இந்தச் சட்டங்களும் தானாக வந்தவை அல்ல. 1960 மார்ச் 17ஆந் திகதி ரொறன்ரோவில் டொன் ஆற்றுக்குக் கீழே தண்ணீர்க் குழாய்ச் சுரங்கத்தில் வேலை செய்த ஐந்து இத்தாலியர்கள் தீயிலும் புகையிலும் அகப்பட்டு இறந்தார்கள். இத்தாலியக் கட்டட வேலையாட்கள் அந்த வருடமும் அடுத்த வருடமும் வேலைநிறுத்தம் செய்தார்கள், அதன் பிறகுதான் பாதுகாப்புச் சட்டங்கள் திருந்தின. யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் அவர்கள் நினைவாகத் துணியில் தைத்த ஒரு பெரிய படம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வந்தேறிகள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் வாய் திறந்ததால் கிடைத்த பாதுகாப்பில்தான் இன்று அங்கே எல்லாரும் வேலை செய்கிறோம்.

எங்களைப்போல் முப்பது வருடம் இருந்து வீடு வாங்கிவிட்டவர்களுக்கு இதில் பங்கு இல்லை என்று சொல்லமுடியாது. உங்களிடமிருந்து கழித்த காசில் வந்த உபயத்துக்குத்தான் கோவில் திருவிழாவில் பெயர் வாசித்துப் பொன்னாடை போர்த்துகிறோம். நிலக்கீழ் அறையை நான்கு பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். 2007இல் என் வீட்டு நிலக்கீழ் அறைக்குத் தரை ஓடு பதிக்க வந்தவர், விசா மறுக்கப்பட்டுப் பயந்து பயந்து வாழ்ந்த எங்கள் மாவட்டத்து இளைஞர். அவர் கேட்டதில் பாதிக்கு நானும் கணவரும் பேரம் பேசினோம், அவரும் மறுக்கவில்லை. அவரால் மறுக்கமுடியாது என்று தெரிந்தே பேசினோம். பிறகு அவரைத் தேடினேன், கண்டுபிடிக்கமுடியவில்லை. தொழிற்சாலை முதலாளியைக் குற்றம் சொல்லும் அதே வாயால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

அம்மாவுக்குச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். நான் பத்தொன்பது வருடம் சொல்லவில்லை. "பாண் கடையில் நல்ல வேலை" என்றுதான் கடிதத்தில் எழுதினேன். அதை நம்பி என் ஒன்றுவிட்ட தங்கைகள் இருவர் அதே ஆளைப் பிடித்து அதே வானில் ஏறினார்கள். 2014இல் இந்த விறாந்தையில் வைத்துத்தான் உறையையும் எண்ணையும் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு அப்பா எவ்வளவு குடுத்தவர் எண்டு உனக்கு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டா. எனக்கு ஞாபகம் இருக்கவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை.

அம்மாவுக்குச் சொல்லுங்கள், தங்கச்சி. முழுவதையும் சொல்லுங்கள். உங்களுக்குப் பிறகு வயலை ஈடு வைக்க யோசிக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அது போய்ச் சேரும். நான் வருகிற மாதம் 14ஆந் திகதி ரொறன்ரோ திரும்புகிறேன். அந்தக் கொப்பியை இன்றிரவே தொடங்குங்கள். வந்ததும் சட்ட உதவி நிலையத்துக்கு நானே உங்களைக் கூட்டிப் போகிறேன். வானில் உங்களோடு வருபவர்களில் வர விரும்பும் யாரையும் கூட்டி வாருங்கள்.