மென்-1 உள்ளவருக்குப் பாராதைராய்டு அறுவை: எப்போது, எந்த அளவுக்கு?

கேள்வி: எனக்கு வயது 26. அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்ததால் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். அவருக்கும் எனக்கும் மென்-1 (பல நாளமில்லாச் சுரப்பிகளில் கட்டி வரச்செய்யும் பரம்பரை நோய்) இருப்பது உறுதியாகிவிட்டது. என் ரத்தக் கால்சியம் 10.8, பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) 92. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஸ்கேனில் இடது கீழ்ப் பாராதைராய்டு சுரப்பி மட்டும் பெரிதாகத் தெரிகிறது. அதை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார் ஒரு சர்ஜன். தொந்தரவு வந்த பிறகு பார்க்கலாம் என்கிறார் இன்னொரு மருத்துவர். அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். என்ன செய்வது?

பதில்: ஒரு சுரப்பியை மட்டும் எடுப்பது உங்கள் நோய்க்குப் பொருந்தாது. தொந்தரவு வரும்வரை காத்திருப்பதும் சரியல்ல.

பாராதைராய்டு என்பது கழுத்தில் தைராய்டை ஒட்டியிருக்கும் நான்கு சிறு சுரப்பிகள்; அவை சுரக்கும் பி.டி.எச். ரத்தத்தில் கால்சியத்தைக் கூட்டும். வயதானவர்களுக்குத் தானாக வரும் பாராதைராய்டு நோயில் பெரும்பாலும் நான்கு சுரப்பிகளில் ஒன்றில்தான் கட்டி இருக்கும். மென்-1 அப்படியல்ல. உடலின் ஒவ்வொரு செல்லிலும் அந்த மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாகியிருக்கும். எந்தச் செல்லில் மறு பிரதியும் கெடுகிறதோ அங்கே வளர்ச்சி தொடங்கும். அதனால் நான்கு சுரப்பிகளும் முன்பின்னாகப் பெரிதாகும். ஸ்கேன் காட்டுவது இன்றைக்குப் பெரிதாக இருப்பதை மட்டுமே. அதை மட்டும் எடுத்தால் மீதி மூன்றும் வேலையைத் தொடரும். சில ஆண்டுகளில் தழும்பேறிய கழுத்தை மறுபடி திறக்க நேரும். அப்போது குரல் நரம்புக்கு ஆபத்து கூடும்.

உங்களுக்கு ஏற்றது மூன்றரைச் சுரப்பிகளை எடுக்கும் அறுவை. ஓர் இயல்பான சுரப்பியின் அளவு, ஏறக்குறைய 50 மில்லிகிராம், ரத்த ஓட்டத்தோடு விட்டுவைக்கப்படும். விட்டுவைக்கப் போகும் சுரப்பியை முதலில் நறுக்கி, அது நிறம் மாறாமல் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றவற்றை எடுக்க வேண்டும். அது கறுத்துவிட்டால் இன்னொன்றைத் தேர்ந்தெடுக்க அப்போதுதான் வழி இருக்கும். அதே கீறல் வழியாக, நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியின் மேல்பகுதியையும் எடுப்பார்கள். ஐந்தாவது சுரப்பி ஒளிந்திருக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். மென்-1-ல் தைமஸில் கட்டி வரவும் வாய்ப்பு உண்டு.

இவ்வளவு செய்தும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் கணிசமானவர்களுக்கு நோய் திரும்புகிறது. எனவே மிகச் சீக்கிரம் செய்தால் ஆயுளில் இன்னும் ஓர் அறுவைக்கு இடம் கொடுக்கிறோம். சுரப்பிகள் சிறிதாக இருக்கும்போது கண்டுபிடிப்பதும் கடினம். தாமதித்தாலோ, எலும்பு அதன் உச்ச வலுவை எட்ட வேண்டிய இருபதுகளிலேயே தேயத் தொடங்கும். அது வலிக்காது. அதனால்தான் 'தொந்தரவு இல்லை' என்பதை நாங்கள் ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை.

பொதுவான வழிகாட்டியில் 50 வயதுக்குக் கீழ் என்றாலே அறுவை. மென்-1-ல் பெரும்பாலானோர் இளவயதிலேயே வருவதால் வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கால்சியம் ஆய்வகத்தின் உச்ச வரம்பைவிட 1 மி.கி.க்கு மேல் கூடியிருப்பது, சிறுநீரகக் கல், எலும்பு அடர்த்திக் குறைவு, இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் அளவு) 60-க்குக் கீழே இறங்குவது, சிறுநீரில் நாளொன்றுக்குப் பெண்களுக்கு 250, ஆண்களுக்கு 300 மி.கி.க்கு மேல் கால்சியம் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலே அறுவைக்குக் காரணம் உண்டு. உச்ச வரம்பு 10.2 என்றால் உங்கள் 10.8 அந்த எல்லையைத் தொடவில்லை. மற்றவற்றைப் பார்த்தாக வேண்டும்.

சிறுநீரகத்துக்கு அல்ட்ராசவுண்ட் எடுங்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் இடுப்பு, முதுகெலும்போடு முன்கையையும் கேட்டு வாங்குங்கள். இந்த நோய் முதலில் அரிப்பது முன்கை போன்ற கெட்டி எலும்பைத்தான். பல மையங்களில் கேட்காவிட்டால் எடுப்பதில்லை. உங்கள் வயதுக்கு, இளைஞர்களின் சராசரியோடு ஒப்பிடும் டி-ஸ்கோர் பொருந்தாது; உங்கள் வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோரைப் பாருங்கள். 24 மணி நேரச் சிறுநீர் சேகரிக்கும்போது காலையின் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலையின் முதல் சிறுநீர்வரை ஒரு சொட்டும் விடாமல் சேருங்கள். ஒரு வேளை தவறினாலும் கணக்கு குறைவாக வந்து ஏமாற்றும். முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லி ரத்தம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே நிறுத்துங்கள். பல கருவிகளில் அது பி.டி.எச்.ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் அறுவைக்கு முன்பே சரிசெய்ய வேண்டும்.

வயிற்றில் அமிலத்தைச் சுரக்கச்செய்யும் ஹார்மோனான காஸ்ட்ரின் அளவும் தேவை. மென்-1-ல் காஸ்ட்ரின் சுரக்கும் கட்டி வரலாம். கால்சியம் கூடினால் அதன் சுரப்பும் கூடும். அப்படி இருந்தால் பாராதைராய்டு அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. இந்தச் சோதனைக்காக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கட்டி இருப்பவருக்குக் குடல் புண் வெடிக்கக்கூடும்.

எல்லா முடிவுகளும் நன்றாக இருந்தாலும், உங்கள் விஷயத்தில் கருத்தரிப்பதற்கு முன் அறுவையை முடித்துவிடுவதே எங்கள் ஆலோசனை. தாயின் கால்சியம் கூடியிருந்தால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் பாராதைராய்டு அடங்கிப்போய், பிறந்ததும் கால்சியம் சரிந்து வலிப்பு வரலாம். அறுவை முடிந்து கால்சியம் நிலைப்படச் சில மாதம் விட்டு முயலுங்கள். இடையில் கர்ப்பம் உண்டாகி அறுவை அவசியமானால், நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம்வரை ஏற்ற காலம். குழந்தைக்கு இந்த மரபணு போக ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு; மரபணு ஆலோசகரையும் இப்போதே பாருங்கள்.

பாராதைராய்டு பிரச்சினை வேறு மரபணுக் காரணத்தால் வரும் குடும்பத்தினர் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு பரம்பரை நோயான மென்-2ஏ என்றால் முதலில் (சிறுநீரகத்தின் மேலிருக்கும்) அட்ரினல் சுரப்பியில் கட்டி இல்லையென்று உறுதிசெய்ய வேண்டும். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சி.டி.சி.73 மரபணுவில் பழுது என்றால் பாராதைராய்டுப் புற்றுநோய்க்கு வாய்ப்பு அதிகம். அங்கே காத்திருப்புக்கே இடமில்லை. கால்சியம் உணர்வான் மரபணுவால் வரும் குடும்பவழிக் கால்சியம் உயர்வில் பெரும்பாலும் அறுவையே தேவையில்லை.

இந்த அறுவையை அடிக்கடி செய்பவரிடம் போங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்குத் தனித் துறை உண்டு. நான்கு சுரப்பிகளையும் பார்ப்பீர்களா, தைமஸை எடுப்பீர்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரத்துப்போனால் உடனே சொல்லுங்கள்; கால்சியம் இறங்குகிறது என்று பொருள். பெரும்பாலும் கால்சியம், கால்சிட்ரியால் (செயல்படும் வடிவிலான வைட்டமின் டி) மாத்திரைகளே போதும். கை இழுத்துக்கொண்டால் ஊசி வழியாகக் கால்சியம் ஏற்ற வேண்டும். அதன் பிறகு ஆண்டுதோறும் கால்சியமும் பி.டி.எச்.சும் பாருங்கள். ஒருவேளை நான்கு சுரப்பிகளையும் எடுத்து, அதில் ஒரு சிறு பகுதியை முன்கையில் பதித்திருந்தால், இந்தச் சோதனைக்கு எப்போதும் மற்ற கையில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். பதித்த கையில் எடுத்தால் பி.டி.எச். பலமடங்கு கூடித் தெரிந்து, இல்லாத நோய்க்கு இன்னோர் அறுவை வரை கொண்டுபோய்விடும்.