மறு: ஒரு லட்சத்துக்குள் வீட்டுக்கு என்ன கொம்பியூட்டர்?

அக்கா, மகளின் சூம் வகுப்புக்கும் உங்கள் தையல் கணக்குக்கும் ஒரு லட்சத்துக்குள் எது நல்லது என்று கேட்டிருந்தீர்கள். பாவித்த டெல் அல்லது எச்பி அலுவலக டெஸ்க்டொப் தாராளமாகப் போதும். ஆனால் கொம்பியூட்டர் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் 'ஐ5' (இன்டெலின் ஒரு வகை புரொசசர், கொம்பியூட்டரின் மூளை) என்று மட்டும் சொன்னால் வாங்கிவிடாதீர்கள், எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். ஐ5-க்குப் பின்னால் 6500 என்றிருந்தால் ஆறாவது, 8500 என்றால் எட்டாவது. இப்படியான அலுவலக டெஸ்க்டொப்பில் வரும் ஐ5 எட்டாவது தலைமுறைக்குக் கீழே என்றால், விண்டோஸ் 11-க்கு மைக்ரோசொஃப்டின் ஆதரவு இல்லை. அதற்கு முந்தைய விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. அதனால் எட்டாவதோ அதற்கு மேலோ பாருங்கள். 8 ஜிபி ரேம் (வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம்), 256 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான டிஸ்க்) கட்டாயம் வேண்டும். அப்புறம், டெஸ்க்டொப்பில் பெரும்பாலும் கமராவும் மைக்கும் இராது, அதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி, வாரண்டியைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.