ஆஸ்டின் செவன் சேசிஸில் தளர்ந்த ரிவிட்டுகள்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆஸ்டின் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் சிறு காரின் சேசிஸை, அதாவது அடிச்சட்டகத்தையும் அதன் தகடுகளைப் பிணைக்கும் ரிவிட்டுகளையும் பற்றியவை. 1923 முதல் 1939 வரை ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் உருவாகி, அவற்றுள் கணிசமானவை பிற்காலத்தில் ஸ்போர்ட்ஸ் பாடி ஏற்றப்பட்டு, அந்தச் சின்னஞ்சிறு சட்டகம் எதிர்பாராத வேகங்களில் ஓட்டப்பட்டன என்பதால் இதில் வியப்பில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ரிவிட்டுகள் தளர்ந்துள்ளனவா என்பதை எப்படிக் கண்டறிவது?

முதலில் கண்ணால் பாருங்கள். ரிவிட் தலையைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தாலோ, அது எண்ணெயோடு கலந்து கீழ்நோக்கி வழிந்த கறையாக இருந்தாலோ, பெயின்ட் தலையைச் சுற்றி வளையமாக வெடித்திருந்தாலோ, அந்த ரிவிட் அசைகிறது. அடுத்து, தலையும் தகடும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கத் தலையைச் சிறு சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். அசைவு விரலுக்குத் தெரியும். முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் மூக்குத் துண்டு, ரேடியஸ் ராடுகள் (அச்சை நிலைநிறுத்தும் தண்டுகள்) வந்து சேரும் குறுக்குச் சட்டம், கால்நீள்வட்டப் பின் ஸ்பிரிங் பட்டைகள் நுழையும் பின்வால் ஆகிய இடங்களில் தொடங்குங்கள். சாலையின் அடியும் பிரேக்கின் இழுப்பும் முதலில் போய்ச் சேர்வது அங்கேதான். இந்தச் சோதனையை மணல் வீசிச் சுத்தம் செய்வதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். மணல் வீச்சு துருக்கறையை அழித்துவிடும். இடுக்கில் சிக்கிய துகள்கள் தளர்ந்த ரிவிட்டையும் சில வாரங்களுக்கு இறுக்கமானதுபோல் காட்டும்.

தளர்ந்த ரிவிட்டை மீண்டும் அடித்து இறுக்கலாமா?

கூடாது. தலை தகட்டோடு ஒட்டியதுபோல் தோன்றும். உள்ளே தேய்ந்துபோன தண்டு துளையை நிரப்பாது. மாற்றுவது ஒன்றே வழி.

வண்டி வளைவுகளில் ஒரு மாதிரியாக ஆடுகிறது. ரிவிட்டாக இருக்குமா?

எந்த ஆண்டு வண்டி, எந்தப் பாடி, எந்த வேகத்தில், முன்புறமா பின்புறமா என்ற எதையும் எழுதாமல் "ஒரு மாதிரி" என்று எழுதினால், பதிலும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். ஷேக்கிள்கள் (ஸ்பிரிங் முனையை இணைப்பவை), கிங் பின்கள் (முன்சக்கரங்கள் திரும்பும் அச்சாணிகள்), ரேடியஸ் ராடின் பந்து மூட்டு ஆகியவற்றைச் சரிபார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ரிவிட் தலையைச் சுற்றி வெல்டிங் வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று எங்கள் ஊர்ப் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

இதே கேள்விக்கு நான் எத்தனை முறை எழுதினாலும் அடுத்த தபாலில் அது திரும்பி வருகிறது. ஆகவே இம்முறை சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவதாக, வெல்டிங் உங்கள் நோயைக் குணப்படுத்துவதே இல்லை. தலையைச் சுற்றி வைக்கும் வெல்டிங் அந்தத் தலையை அதன் அருகிலுள்ள தகட்டோடு மட்டுமே பிணைக்கிறது. மறுபக்கத் தகடு தேய்ந்த துளைக்குள் முன்போலவே ஆடிக்கொண்டிருக்கும். இரு பக்கமும் வைத்துவிடலாமே என்பீர்கள். அப்போதும் தகடுகளுக்கு நடுவில் தண்டுக்கும் துளைக்கும் இடையிலுள்ள வெற்றிடம் அப்படியே இருக்க, மூட்டின் முழுப் பாரமும் மெல்லிய ஒரு வெல்டிங் வளையத்தின் மீது விழுகிறது.

இரண்டாவதாக, இந்தச் சட்டகம் முறுக்கத்துக்கு இடம்கொடுக்கும் தன்மையுடையது. மெல்லிய தகட்டை அழுத்தி உருவாக்கிய அதன் இரு பக்கச் சட்டங்களும் முன்னே நெருங்கிப் பின்னே விரிந்து, ஆங்கில 'ஏ' எழுத்தின் வடிவில் நிற்கின்றன. ஒவ்வொரு குழியிலும் அவை சிறிது முறுகி மீள்கின்றன. அந்த முறுக்கத்தை வரிசையாக நிற்கும் ரிவிட்டுகள் பகிர்ந்துகொள்ளும்போது, அவற்றில் ஒன்றிரண்டை மட்டும் வெல்டிங்கால் விறைப்பாக்கினால், வெல்டிங்கின் விளிம்பில் அழுத்தம் குவிந்து, அங்கிருந்து விரிசல் புறப்படும். அந்த விரிசல் ரிவிட்டில் விழாமல் பக்கச் சட்டத்தில் விழுகிறது. ஒரு ரிவிட்டின் விலையையும் ஒரு சட்டகத்தின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவதாக, 90 ஆண்டுகால எண்ணெயும் துருவும் தகடுகளின் இடுக்கில் இருக்கின்றன. சூடு பட்டதும் அவை ஆவியாகி வெல்டிங்குக்குள் குமிழிகளாகத் தங்கிவிடும். மேலே பளபளப்பாகத் தெரியும் வெல்டிங் உள்ளே பஞ்சாக இருக்கும்.

இவ்வளவுக்கும் மேலாக, நாளை ஒருவர் முறையாகச் செய்ய முன்வந்தால், வெல்டிங் வைத்த தலையை உளியால் தட்டி எடுக்க முடியாது. அரைத்துத்தான் எடுக்க வேண்டும், அரைக்கும்போது சட்டமும் மெலியும். மூக்குத் துண்டைச் சுற்றி முழுவதும் வெல்டிங் வைக்கப்பட்ட ஒரு சட்டகம் என்னிடம் வந்தபோது, பக்கச் சட்டங்கள் இரண்டிலும் வெல்டிங்கை ஒட்டியே விரிசல் ஓடியிருந்தது. "வலுப்படுத்தியிருக்கிறோம்" என்று ரசீதில் எழுதியிருந்தார்கள்.

விரிசல் விழுந்த தகட்டைப் பற்றவைப்பது வேறு விஷயம். விரிசலின் முனையைச் சாயம் ஊடுருவும் சோதனையால் கண்டு, அங்கே 3 மி.மீ. துளையிட்டு நிறுத்தி, பள்ளம் அரைத்து, தேர்ந்த கையால் பற்றவைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ரிவிட்டின் மீது மட்டும் வெல்டிங் வேண்டாம்.

ஒரு பக்கமிருந்தே கைக்கருவியால் இழுத்துப் பொருத்தும் பாப் ரிவிட் போதுமா?

நம்பர் பலகைக்குப் போதும்.

துருப்பிடிக்காத எஃகு ரிவிட்?

வேண்டாம். அடிக்க அடிக்க இறுகிப்போகும் உலோகம் அது. ஈரம் பட்டால் அருகிலுள்ள சாதாரண எஃகையும் அரிக்கத் தூண்டும். மென்னெஃகு ரிவிட்டே போதும்.

பழைய ரிவிட்டைக் கிரைண்டரால் எடுப்பதா, துளையிட்டு எடுப்பதா? புதியதைச் சூடாக்கி அடிப்பதா, குளிர்ந்த நிலையிலா?

துளையிட்டு எடுங்கள். தொழிற்சாலையில் உருவான தலை தண்டுக்கு நேர் நடுவில் அமைந்திருக்கும். அதில் சென்டர் பஞ்ச் வைத்து, தண்டைவிட ஒரு மி.மீ. குறைந்த டிரில்லால் தலையின் ஆழம் வரை மட்டும் துளைத்து, உளியால் தலையைத் தட்டிவிட்டு, தண்டைப் பஞ்சால் வெளியே தள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ரிவிட். அதை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

சூடா, குளிரா என்பது கருவியைப் பொறுத்தது. பல டன் அழுத்தம் தரும் ஹைட்ராலிக் அழுத்தி இருந்தால் குளிர்ந்த நிலையே மேல். தண்டு பருத்துத் துளையை முழுவதும் நிரப்பும். சுத்தியல் மட்டும் இருந்தால் சூடாக்குங்கள். ஆறும்போது ரிவிட் சுருங்கித் தகடுகளை இறுக்கிப் பிடிக்கும். ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில், செம்மஞ்சள் நிறத்தில் தொடங்கி, மங்கிய சிவப்புக்கு வந்ததும் அடிப்பதை நிறுத்த வேண்டும். 5/16 அங்குல ரிவிட் சில நொடிகளில் ஆறிவிடும் என்பதால், மறுபக்கத் தலையைத் தாங்கும் கனமான இரும்புக் கட்டியான டாலியைப் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் தேவை. உருண்டைத் தலைக்குத் தண்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் வெளியே நீண்டிருக்கட்டும்: தகடுகள் சேர்ந்து 6 மி.மீ., தண்டு 8 மி.மீ. என்றால் மொத்தம் 18 மி.மீ. அடிப்பதற்கு முன் தகடுகளைக் கிளாம்ப் போட்டு ஒட்டவையுங்கள்; இடைவெளி இருந்தால் தண்டு அந்த இடைவெளிக்குள் பருத்துத் தகடுகளை நிரந்தரமாகப் பிரித்துவைக்கும்.

துளை முட்டை வடிவாகிவிட்டது. என்ன செய்வது?

துளையைச் சீராக விரிக்கும் ரீமரால் அடுத்த அளவுக்கு வட்டமாக்கி, பெரிய ரிவிட் போடுங்கள். துளையின் மையத்திலிருந்து தகட்டின் ஓரம் வரை விட்டத்தின் ஒன்றரை மடங்காவது மிஞ்ச வேண்டும். ரிவிட் அடிக்க இடமில்லாத மூலைகளில் 8.8 தர (உயர் வலு எஃகு) போல்ட் போடலாம். ஆனால் மரையில்லாத தண்டுப் பகுதி இரு தகடுகளையும் முழுமையாகக் கடக்க வேண்டும், துளையும் அதற்கேற்ப ரீமர் செய்யப்பட்டிருக்க வேண்டும். மரை தகட்டுக்குள் வந்தால் அது அரம்போல் துளையை அறுக்கும்.

விடுமுறையில் எல்லா ரிவிட்டுகளையும் எடுத்துவிட்டேன். இனி?

ஒரு நேரத்தில் ஒன்று என்று எழுதுவது யாருக்காக என்று சில சமயம் தோன்றுகிறது. சமதளமான மேசையில் சட்டகத்தை வைத்துத் தற்காலிக போல்ட்டுகளால் இலேசாகச் சேருங்கள். மூக்குத் துண்டின் நடுவிலிருந்து இடப்புற, வலப்புற வால்களின் ஸ்பிரிங் துளைகள் வரை அளந்து, இரண்டும் 2 மி.மீ.க்குள் ஒத்துவரும்வரை நகர்த்துங்கள்; அதன் பிறகே போல்ட்டுகளை இறுக்கி, ஒவ்வொன்றாக ரிவிட்டுக்கு மாற்றுங்கள். நான்கு இடங்களில் நேரடியாகச் சட்டகத்தில் பூட்டப்படும் எஞ்சின் இது. கோணலான சட்டகத்தில் அதைப் பூட்டினால் எஞ்சினின் அடிக்கூடான அலுமினியக் கிராங்க் கேஸின் கால்கள் உடையும்.

ரிவிட்டுகளை மாற்றினால் பிரிட்டனின் எம்.ஓ.டி. (ஆண்டுதோறும் நடக்கும் வண்டித் தகுதிச் சோதனை) விலக்கு போய்விடுமா?

போகாது. 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2018 முதல் உள்ள விலக்கு பெரிய மாற்றம் செய்யப்பட்ட வண்டிகளுக்கே மறுக்கப்படும். மூல வடிவத்திலேயே செய்யும் பழுதுபார்ப்பு அதில் சேராது.

சட்டகத்துக்குப் பவுடர் கோட்டிங் நல்லதா?

பார்க்க நன்றாக இருக்கும். அதன் தடித்த படலம் புதிய விரிசலையும் ரிவிட்டின் கறையையும் மறைத்துவிடும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. துத்தநாகத்தில் முக்கி எடுப்பதை அறவே மறுக்கிறேன், இடுக்குகளில் தங்கும் அமிலம் பின்னர் கசியும். தகடுகளைச் சேர்க்கும் முன் உட்பரப்புகளுக்குத் துத்தநாகப் பிரைமர், வெளியே சாதாரண சேசிஸ் பெயின்ட். கறுப்பைவிட வெளிர் சாம்பல் நிறத்தில் துருக்கறை விரைவில் கண்ணில் படும். ஆயிரம் மைல் ஓட்டிய பின் அடியில் படுத்து மூக்குத் துண்டைப் பார்க்கும்போது அந்த நிறம் உதவும்.