தரவில் தெரியும் வித்தியாசம் நிஜமா, தற்செயலா?

இரண்டு குழுக்களின் சராசரியில் வித்தியாசம் தெரிகிறது, அதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தற்செயல் மட்டுமே எவ்வளவு ஆட்டம் காட்டும் என்று முதலில் பார்த்துவிடுங்கள். நாணயத்தை 100 முறை சுண்டினால் 43 தலை வந்தாலும் 58 வந்தாலும் அதில் விசேஷம் இல்லை. திட்ட விலக்கமே, அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவே, 5. 40 முதல் 60 வரை சகஜம்தான்.

சரி, உங்கள் தரவுக்கு இதை எப்படி அறிவது? எனக்குப் பிடித்த வழி, கலைத்துப் பார்ப்பது. எந்த மதிப்பு எந்தக் குழுவுடையது என்ற அடையாளத்தைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்து, வித்தியாசத்தை மறுபடி கணக்கிடுங்கள். கணினியில் இதை 1,000 முறை செய்வது பெரிய வேலை இல்லை. அவற்றில் 300 தடவை உங்கள் நிஜ வித்தியாசத்தின் அளவோ அதற்கு மேலோ வந்தால், தற்செயலே அதைச் சுலபமாகத் தந்துவிடுகிறது. அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். 3 தடவைதான் என்றால் மேற்கொண்டு ஆராயலாம்.

அப்புறம், பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை 5 சதவீத வரம்பில் (தற்செயல் 100-ல் 5 தடவைக்கு மேல் தராத வித்தியாசத்தை நிஜம் என்று ஏற்பது) செய்தால், எதிலுமே விஷயம் இல்லாவிட்டாலும் ஒன்றாவது தேறிவிட 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது! அதனால் வரம்பைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள், இங்கே 0.25 சதவீதம். தரவைத் துழாவிக் கிடைத்த ஊகத்தை அதே தரவில் சோதிக்கவே கூடாது. தொடாமல் ஒதுக்கி வைத்த பகுதியில் சோதியுங்கள்.

அளவீட்டிலேயே சாய்வு, அதாவது ஒரே பக்கமாகத் தவறும் போக்கு, இருந்தால் இவை எதுவும் உதவாது. எவ்வளவு தரவு சேர்த்தாலும் சாய்வு குறையாது.