மகள் பனிக்கட்டி ஆராய்ச்சி படிக்கட்டுமா? ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம். பிளஸ் டூ முடித்த மகள் அண்டார்டிகா பனியை ஆராயப் போவதாகச் சொல்கிறாள், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருந்தீர்கள். வேலைதான். ஆனால் பொறுமை வேண்டும், வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

அங்கே விழும் பனி பெரும்பாலும் உருகுவதில்லை. வருடா வருடம் அடுக்கடுக்காகப் படிந்து கட்டியாக இறுகிவிடும். துளையிட்டு எடுக்கும் அந்த நீள உருளைதான் ஐஸ் கோர். அதில் ஆக்சிஜன்-18 என்ற சற்றே கனமான ஆக்சிஜன் வகை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் அன்றைய குளிர் தெரியும். உள்ளே சிக்கிய குமிழிகளில் அந்தக் காலத்துக் காற்றே இருக்கும். பனிப்பொழிவைக் கணக்கிடுவது இதைவிடச் சிக்கல். 1815-இல் வெடித்த தம்போரா எரிமலையின் கந்தகச் சுவடு பனியில் பதிந்திருக்கிறது. அதற்கு மேலே எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் இந்த 200 வருடச் சராசரி கிடைத்துவிடும். இன்னும் ஆழத்தில் அடுக்குகள் மேல் எடையால் நசுங்கி மெலிந்திருக்கும். முதலில் எவ்வளவு தடிமனாக இருந்தன என்று கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அண்டார்டிகாவின் உள்பகுதியில் டோம் சி என்ற இடத்தில் ஆண்டுக்கு விழும் பனியை உருக்கினால் 3 செ.மீ. தண்ணீர்கூடத் தேறாது. அதனால்தான் அங்கே சுமார் 3 கி.மீ. ஆழத்துக்குள் 8 லட்சம் வருட வரலாறு அடங்கியிருக்கிறது. கடலோரத்தில் பனி அதிகம். வருடங்கள் குறைவு, ஆனால் ஒவ்வொரு வருடமும் தெளிவாகப் பிரிந்து தெரியும்.

ஆகவே மகளுக்குக் கணக்கும் வேதியியலும் பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள். பென்குயின் பார்க்கும் ஆசை மட்டும் போதாது. இந்தத் துறையில் பெரும்பாலான நாட்கள் ஆய்வகத்தில்தான் போகும். கோவா வாஸ்கோவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தில் உறைகுளிர் அறைக்குள் கனத்த கோட்டு போட்டுக்கொண்டு கட்டியை அறுப்பார்கள். அப்புறம் அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி முன்னால் மணிக்கணக்கில் உட்கார வேண்டும்.

படிப்பு விஷயத்தில் என் கருத்து கறாரானது. 'காலநிலை' என்று பெயர் போட்ட இளநிலைப் படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டாம். பி.எஸ்சி. புவியியலோ இயற்பியலோ வேதியியலோ நல்ல அரசுக் கல்லூரியில் படிக்கட்டும். (புவியியல் என்று நான் சொல்வது ஜியாலஜி, ஜியாக்ரஃபி அல்ல. விண்ணப்பத்தில் பலர் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.) பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வெழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம்.

நிரந்தர விஞ்ஞானிப் பணியிடங்கள் மிகக் குறைவு, இதை மறைக்க மாட்டேன். சரி, கிடைக்காவிட்டால்? ஐசோடோப்பு (ஆக்சிஜன்-18 போல ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகை) அளக்கத் தெரிந்தவருக்கு நிலத்தடி நீர் ஆய்வில் இடமுண்டு. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பழகியவரை மருந்து நிறுவனங்களும் எடுக்கும். மகளை ஒருநாள் அழைத்து வாருங்கள். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் கையில் இருக்கட்டும், கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுக் கல்லூரியைப் பேசலாம்.