பழைய கம்ப்யூட்டருக்குத் துணையாக ராஸ்பெரி பை: கேள்வி பதில்

டர்பன் பக்கத்திலும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலும் பழைய மெஷின்களைப் பத்திரமாக வைத்திருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ராஸ்பெரி பை என்பது லினக்ஸ் இயங்குதளம் ஓடும் குட்டி கம்ப்யூட்டர் போர்டு; இங்கே சுருக்கமாக 'பை'. எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சாட்ஸ்வொர்த்: அக்கா, அப்பாவின் பழைய கமடோர் 64 கம்ப்யூட்டர் அலமாரியில் கிடந்தது. பை போர்டு வாங்கிவிட்டேன். கமடோரின் பின்னால் இருக்கும் யூசர் போர்ட் இணைப்பிலிருந்து நேராக ஒயர் இழுக்கலாமா?

வேண்டாம் தம்பி. கமடோரின் சிக்னல் 5 வோல்ட். பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்குச் செய்தவை; தப்பாக ஒரு ஒயர் பட்டால் போர்டு போய்விடும். நடுவில் 74எல்விசி245 சிப் ஒன்றைப் போடு. அதற்கு 3.3 வோல்ட் பவர் கொடுத்தால், 5 வோல்ட் சிக்னலை வாங்கி 3.3 ஆக்கி வெளியே விடும். திரும்பிப் போகும் 3.3 வோல்ட்டைக் கமடோர் பக்கத்துப் பழைய டிடிஎல் (5 வோல்ட் வகை) சிப்புகள் ஒழுங்காகவே புரிந்துகொள்ளும். 2 வோல்ட்டைத் தாண்டினாலே அவற்றுக்கு அது 'ஒன்று'.

இதற்கெல்லாம் முன்னால், அந்தப் பழைய பவர் சப்ளையை மெஷினில் சொருகாதே. மீட்டரை வைத்து 5 வோல்ட் முனையை அளந்து பார். 5.2க்கு மேல் காட்டினால் அது வேண்டவே வேண்டாம். அதற்குள் இருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் வோல்டேஜ் குறையாது, ஏறும். என் மாமா வீட்டில் லோட் ஷெட்டிங் முடிந்து கரண்ட் வந்த ராத்திரி மெஷினைப் போட்டார்கள்; திரை கறுப்பாகவே இருந்தது. மூடியைக் கழற்றி, வரிசையாக இருந்த எட்டு மெமரி சிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஐந்து வெதுவெதுப்பாக இருந்தன, மூன்று விரலைச் சுட்டன. அந்த மூன்றும் செத்திருந்தன.

ஃபீனிக்ஸ்: லினக்ஸில் பைத்தான் எழுதி, கமடோரின் பஸ்ஸை (சிப்புகளுக்கு நடுவே டேட்டா ஓடும் கம்பிகளை) நேரடியாகப் படிக்க முடியுமா? பாதி பைட் தவறிப்போகிறது.

தவறத்தான் செய்யும். கமடோரின் கடிகாரம் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு ஒரு மைக்ரோசெகண்ட், அதில் பாதியை வீடியோ சிப் எடுத்துக்கொள்கிறது. மீதி 500 நானோசெகண்டில் முகவரியைப் பார்த்து டேட்டாவை வைத்தாக வேண்டும். லினக்ஸோ, நினைத்தபோது உன் புரோகிராமை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும். திரும்பி வர மில்லிசெகண்ட் கூட ஆகலாம். அதற்குள் இங்கே ஆயிரம் சுற்று ஓடியிருக்கும். போர்டு 1 கிகாஹெர்ட்ஸ் என்பதால் இது சரியாகாது. வேகம் வேறு, நேரம் தவறாமை வேறு.

வழி மூன்று. லினக்ஸே இல்லாமல் பையை ஓட்டலாம். கமடோரின் 1541 டிஸ்க் டிரைவாக நடிக்கும் பை1541 என்ற புரோகிராம் அப்படித்தான் ஓடுகிறது. அல்லது பீகிள்போன் பிளாக் என்ற வேறு குட்டி போர்டை வாங்கு. அதில் லினக்ஸ் ஒரு பக்கம் ஓட, 200 மெகாஹெர்ட்ஸில் நேரம் பிசகாத இரண்டு குட்டி புராசஸர்கள் பின்களைப் பார்த்துக்கொள்ளும். அல்லது நடுவில் ஒரு பிகோவை (லினக்ஸ் இல்லாத குட்டி ராஸ்பெரி பை போர்டு) வை.

டோங்காட்: பிகோ என்றால் 5 வோல்ட் நேராகக் கொடுக்கலாம்தானே?

இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

லெனேசியா: எல்லா வேலையையும் புதிய போர்டு செய்தால் பழைய மெஷின் வெறும் கீபோர்டுதானே? இது ஏமாற்று வேலை என்பேன்.

இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 1981இல் வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரின் அடியில் 'டியூப்' என்று ஒரு இணைப்பு இருக்கிறது. இரண்டாவது புராசஸரை மாட்டுவதற்கென்றே, அதைச் செய்த ஏகார்ன் கம்பெனி வைத்த வாசல் அது. உள்ளே இருக்கும் 6502 புராசஸர் கீபோர்டையும் திரையையும் டிஸ்க்கையும் கவனிக்கும். கணக்கை வெளியே இருப்பவர் போடுவார். 1985 ஏப்ரலில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் உயிர் பெற்றபோது, அது மாட்டப்பட்டிருந்ததே பிபிசி மைக்ரோவில், இரண்டாவது புராசஸராகத்தான். இன்று பை போர்டில் இருப்பது அந்த ஆர்மின் வம்சம். பைடியூப்டைரக்ட் என்ற புரோகிராமைப் போட்டு பையை டியூப்பில் மாட்டும்போது பேரன் தாத்தா வீட்டுக்கு வருகிறான். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அக்கா சொல்வது பிபிசிக்குச் சரி. அமிகா 500 கம்ப்யூட்டரில் பிஸ்டார்ம் (பையை உள்ளே மாட்டும் போர்டு) போட அதன் புராசஸர் 68000ஐயே கழற்ற வேண்டுமே?

அங்கே லெனேசியாக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். இதயத்தைப் பிடுங்குவது போலத்தான் எனக்கும் இருந்தது. ஆனாலும் படம் வரைவதும் ஒலி எழுப்புவதும் அதே ஏக்னஸ், டெனிஸ், பாலா சிப்புகள்தான். கழற்றிய 68000ஐக் கறுப்பு ஃபோமில் குத்தி வையுங்கள். என்று வேண்டுமானாலும் திரும்ப மாட்டலாம் என்றால் எனக்குச் சம்மதம். போர்டை வெட்டுவதாக இருந்தால் சம்மதம் இல்லை.

வெருலம்: கரண்ட் போய்ப் போய் எஸ்டி கார்டு கெடுகிறது.

பையின் செட்டிங்ஸ் புரோகிராமான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் செய்யுங்கள். கார்டில் எதுவும் எழுதப்படாது. சேமிக்க வேண்டியதைத் தனி யூஎஸ்பியில் வையுங்கள்.

இசிபிங்கோ: ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரின் பின்பக்க கனெக்டரில் பையை நேராக...

நேராக வேண்டாம். மூன்றாவது முறை சொல்கிறேன், 5 வோல்ட். இன்னொன்று, ஸ்பெக்ட்ரம் அடாப்டரின் நடு முனை மைனஸ். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் நடுவில் பிளஸ் இருக்கும், பார்த்து மாட்டுங்கள்.

மியர்பேங்க்: கமடோர் திரையில் தமிழ் எழுத்து வருமா? பாட்டியின் பெயரைக் காட்ட ஆசை.

வரும் கண்ணு. லினக்ஸ் போர்டு இதற்காகவே பிறந்தது. 8க்கு 8 புள்ளிக் கட்டத்தில் 'ணை' அடங்காது. கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும் என்பதெல்லாம் கமடோரின் புராசஸரான 6510க்குத் தெரியாது, லினக்ஸுக்குத் தெரியும். பெயரைப் பையில் தட்டு. அது 320க்கு 200 புள்ளிப் படமாக வரையட்டும். பையின் யூஎஸ்பியில் 5 வோல்ட் டிடிஎல் சீரியல் கேபிள் ஒன்றை மாட்டி யூசர் போர்ட்டுக்குக் கொண்டு போ. இந்த வழியில் பையின் பின்களுக்கு ஆபத்தே இல்லை. படம் 8000 பைட். 2400 பாட் (baud) வேகத்தில் செகண்டுக்கு 240 பைட் போகும். பாட்டியின் பெயர் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிறைய 33 செகண்ட் ஆகும். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அனுப்பு.